கசவுச் சேலை ஏன் நீலம் அடிக்கிறது? கல்யாணப் படத்தில் ஒயிட் பேலன்ஸ்

செங்கோட்டையில் புதிதாகக் கல்யாணப் படம் எடுக்க இறங்கியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. மாப்பிள்ளை வீடு செங்கோட்டை, பெண் வீடு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் புனலூர். முகூர்த்தம் அங்கே, வரவேற்பு இங்கே. வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்து பார்த்தால் பெண்ணின் கசவுச் சேலை நீலம் அடிக்கிறது. நிலவிளக்கு, அதாவது நம் குத்துவிளக்குப் பக்கம் எடுத்த முகமெல்லாம் ஆரஞ்சு. மேடையில் குடும்பமாக நின்ற படத்தில் இடது பக்கம் நிற்பவர்கள் ஒரு நிறம், வலது பக்கம் வேறு நிறம். கேமரா முழுக்க ஆட்டோ ஒயிட் பேலன்ஸில்தான் இருந்திருக்கிறது, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்கிற வேலையைக் கேமராவிடமே விட்டிருக்கிறார். “எந்த வெளிச்சத்துக்கு எந்த நம்பர் வைக்கணும், அண்ணா?” என்கிறார்.

நம்பர் சொல்கிறேன் தம்பி. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் நம்பரைத் தொடுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: இந்த முகத்தில் விழுகிற வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது? நீங்கள் சொன்ன மூன்று கோளாறுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. ஒரே படத்துக்குள் நாலு விதமான வெளிச்சம் இருக்கலாம். ஒயிட் பேலன்ஸால் அதில் ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும். அந்த ஒன்று முகத்தில் விழுகிறதாக இருக்க வேண்டும். பின்சுவர் மஞ்சளாகப் போனாலும் ஜன்னல் நீலமாகப் போனாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மணப்பெண் முகம் பச்சையாக இருந்தால் ஆல்பம் திரும்பி வந்துவிடும்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். எண்ணெய் விளக்குச் சுடர் 1900 கெல்வின் பக்கம் இருக்கும். பழைய குண்டு பல்பு 2700, 2800. ஹாலோஜன் வீடியோ லைட் 3200. உச்சி வெயில் 5200 முதல் 5500 வரை. மூட்டமான வானம் 6500, 7000. நீல வானத்துக்குக் கீழே வெயில் படாத நிழல் 7500-ஐத் தாண்டிப் போகும். எண் குறையக் குறைய வெளிச்சம் சிவப்பு, கூடக் கூட நீலம்.

கேமராவில் வைக்கிற எண்ணோ தலைகீழாக வேலை செய்வது போலத் தெரியும். 7000 வைத்தால் படம் மஞ்சளாகிறது, 3000 வைத்தால் நீலமாகிறது. காரணம் எளிது. நீங்கள் வைக்கும் எண், ‘இங்கே இருக்கிற வெளிச்சம் இது’ என்று கேமராவுக்குச் சொல்லும் தகவல். 7000 என்றதும் வெளிச்சம் நீலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதை ஈடுகட்ட அது மஞ்சளைச் சேர்க்கிறது. படம் நீலம் அடித்தால் எண்ணை ஏற்றுங்கள், மஞ்சள் அடித்தால் இறக்குங்கள். இதுமட்டும் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கம்தான்.

கேமராவில் படம் போட்டு வைத்திருக்கும் ரெடிமேட் செட்டிங்குகளும் இதே எண்கள்தான். பல்பு போட்டது 3000 அல்லது 3200. சூரியன் 5200. மேகம் 6000. வீட்டு நிழல் போட்டது கேனனில் 7000, நிக்கானில் 8000. கெல்வின் எண்ணை நேரடியாக வைக்க முடிகிற கேமரா என்றால் இவை தேவையே இல்லை.

எண்ணை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். 3000-த்திலிருந்து 3500-க்குப் போனால் படமே மாறிவிடும். 7000-த்திலிருந்து 7500-க்குப் போனால் மாறியதே தெரியாது. பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்தால் வருவதை மைரெட் என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற நிற மாற்றம் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. முதல் மாற்றத்தில் 48 மைரெட் நகர்கிறோம், இரண்டாவதில் 10 கூட இல்லை. அதனால் விளக்கு, பல்பு பக்கம் வேலை செய்யும்போது நூறு நூறாக நகருங்கள். நிழலிலும் மழை வெளிச்சத்திலும் ஐந்நூறு ஐந்நூறாக நகரலாம்.

சரி, கசவுக்கு வருவோம். ஆட்டோ என்ன செய்கிறது? ஃப்ரேமுக்குள் இருக்கும் நிறங்களைப் பார்த்து வெளிச்சம் என்ன நிறமாக இருக்கும் என்று ஊகிக்கிறது. அந்த ஊகத்துக்கு அடிப்படை, எல்லா நிறத்தையும் கலந்தால் ஏறக்குறைய சாம்பல் வரும் என்கிற நம்பிக்கை. இன்றைய கேமராக்கள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டாலும் ஒரே நிறம் ஃப்ரேமை அடைத்துக்கொண்டால் தடுமாறத்தான் செய்யும். கசவுச் சேலை வெள்ளை இல்லை. சாயம் ஏற்றாத பருத்தியின் பால் நிறம், ஓரத்தில் தங்கச் சரிகை. பெண் கிட்டத்தில் நின்று அந்தத் துணி பாதி ஃப்ரேமை நிரப்பும்போது, துணியில் இருக்கிற மஞ்சளை வெளிச்சத்தில் இருக்கிற மஞ்சள் என்று எண்ணி கேமரா அதைக் கழித்துவிடுகிறது. கழித்ததும் துணி வெள்ளையாகி, நிழல் மடிப்புகளில் நீலம் ஏறுகிறது. பெண்ணின் முகமும் சோகை பிடித்தது போல வெளுக்கிறது. கசவு கசவாகத் தெரிய வேண்டும் என்றால் அது லேசான மஞ்சளோடுதான் படத்தில் இருக்க வேண்டும்.

இதே காரணத்தால், வெள்ளையாக இருக்கிறதே என்று கசவுத் துணியை வைத்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுக்காதீர்கள் (ஒரு பொருளைக் காட்டி, ‘இதில் நிறம் எதுவும் இல்லை, இதை வைத்துச் சரிசெய்’ என்று கேமராவுக்குச் சொல்வது அது). அந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் ஒரே வரிசையில் மூன்று வெள்ளை நிற்கும். பெண்ணின் கசவு மஞ்சள் கலந்த வெள்ளை. பெரியவர் கட்டியிருக்கும் வேட்டி சொட்டு நீலம் போட்டு அலசிய வெள்ளை. மாப்பிள்ளையின் தோழன் போட்டிருக்கும் புதுச் சட்டையில் துணி பளிச்சிடுவதற்கான ரசாயனம் இருக்கும். அது வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிரை வாங்கி நீலமாக விடும். கசவைக் காட்டினால் படம் நீலமாகும். மற்ற இரண்டில் எதைக் காட்டினாலும் மஞ்சளாகும். ஜெராக்ஸ் எடுக்கிற காகிதமும் அந்தச் சட்டை ஜாதிதான், பளிச்சென்று இருக்கிற காகிதம் பெரும்பாலானவற்றில் அதே ரசாயனம் உண்டு. இதற்கென்றே விற்கிற சாம்பல் அட்டை ஒன்று வாங்கிவிடுங்கள். பதினெட்டு சதவீத சாம்பல் அட்டை என்று கேட்டால் தருவார்கள். பையில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே கிடக்கட்டும்.

அட்டையை எங்கே பிடிக்கிறோம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் அட்டையைப் பிடித்து எடுத்தால் உங்கள் தலைக்கு மேல் இருக்கும் டியூப் லைட்டைத்தான் அளக்கிறீர்கள். அட்டை பெண்ணின் முகம் இருக்கிற இடத்தில், முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மேக்கப் முடிகிற நேரம் இதற்கு நல்ல நேரம். மேக்கப் போடுகிற அக்காவிடம் அட்டையைக் கொடுத்து, பெண்ணின் தாடைக்குக் கீழே ஒரு நொடி பிடிக்கச் சொல்லுங்கள். மண்டபத்தில் பெண் வந்து உட்காருவதற்கு முன்னால் அந்த மணையில் யாரையாவது உட்கார வைத்து இன்னொரு முறை எடுங்கள். அப்படியே அட்டையை மெதுவாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பினால் மஞ்சளாகவும் மறுபக்கம் திருப்பினால் நீலமாகவும் தெரிந்தால் அங்கே இரண்டு வெளிச்சம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். வெறுங்கண்ணால் முகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நம் கண் சில நிமிடங்களில் எந்த வெளிச்சத்துக்கும் பழகி எல்லாவற்றையும் சரியான நிறம் என்று காட்டிவிடும்.

கஸ்டம் எடுக்கிற முறை கேமராவுக்குக் கேமரா மாறும். கேனனில் அட்டையை ஃப்ரேமின் நடுவில் நிறைத்து ஒரு படம் எடுத்து, மெனுவில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸுக்குப் போய் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கப்புறம் ஒயிட் பேலன்ஸையும் கஸ்டம் குறிக்கு மாற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, சரியாக வரவில்லையே என்று கேட்பவர்கள் நிறைய. நிக்கான் டிஎஸ்எல்ஆரில் பிஆர்இ என்ற இடத்துக்கு வந்து ஒயிட் பேலன்ஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அந்த எழுத்துகள் மினுங்கும். அப்போது அட்டையைப் பார்த்து ஷட்டரை அழுத்தினால் சரியாக வந்ததற்கு ‘ஜிடி’ என்று காட்டும். அட்டையில் வெளிச்சம் அடித்துக்கொண்டு வெளுத்தாலோ இருட்டாக இருந்தாலோ ஏற்காது, எக்ஸ்போஷரைச் சரிசெய்து மறுபடி எடுக்க வேண்டும்.

நிலவிளக்குக்கு இரண்டு பதில் உண்டு. கதிர்மண்டபத்தில், அதாவது கேரளத்து மணமேடையில், பகல் முகூர்த்தம் என்றால் விளக்கு எரிந்தாலும் முகத்தில் விழுவது விளக்கு வெளிச்சம் இல்லை, வீடியோக்காரரின் லைட். அங்கே வீடியோ லைட்டுக்குத்தான் எண் வைக்க வேண்டும். சுடர் தன்பாட்டுக்கு ஆரஞ்சாக இருக்கும், அது அழகுதான். இரவில் மற்ற லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு விளக்கு ஏற்றுகிற படம் எடுப்பது வேறு விஷயம். அப்போது முகத்தில் விழுவது சுடர் மட்டும். ஆட்டோவால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. நிக்கானின் வழக்கமான ஆட்டோ 3500 வரையிலும் கேனனுடையது 3000 வரையிலும்தான் போகும். உங்கள் முகங்கள் ஆரஞ்சானது இதனால்தான். கையால் எண் வைத்தாலும் பெரும்பாலான கேமராக்களில் 2500-க்குக் கீழே வழியில்லை. ஆனால் போகவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். விளக்கு வெளிச்சத்தை முழுக்க வெள்ளையாக்கினால் அது விளக்கு வெளிச்சமாகவே இருக்காது, டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தது போல ஆகிவிடும். தவிர, சுடரில் நீலம் மிகக் குறைவு. அதைச் சமன்செய்ய கேமரா நீலத்தை மட்டும் பல மடங்கு பெருக்கும், நிழல் பகுதியில் புள்ளி புள்ளியாகக் குருணை வந்துவிடும். 2800-இலிருந்து 3000-க்குள் வைத்துப் பாருங்கள். முகத்தில் சூடு இருக்கும், பற்களும் கண்ணின் வெள்ளையும் ஆரஞ்சாக இருக்காது.

அடுத்து மேடை. உங்கள் மூன்றாவது கோளாறு, இருப்பதிலேயே பெரியது. அங்கே ஆடிட்டோரியம் என்றாலும் இங்கே கல்யாண மண்டபம் என்றாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். கூரையில் 6500 கெல்வின் எல்இடி. அலங்காரக்காரர் வைத்த மஞ்சள் வார்ம் லைட், 2700 அல்லது 3000. வீடியோக்காரரின் லைட், ஹாலோஜனாக இருந்தால் 3200, எல்இடியாக இருந்தால் பெரும்பாலும் 5600. பக்கவாட்டு ஜன்னலில் பகல் வெளிச்சம். போதாததற்கு மேடையைச் சுற்றி ஊதாவும் நீலமும் வீசுகிற பார் லைட். ஜன்னல் பக்கம் நின்றவர்கள் நீலமாகவும் மறுபக்கம் நின்றவர்கள் மஞ்சளாகவும் வந்த உங்கள் படத்துக்கு எந்த எண் வைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. இடது பக்கத்துக்குச் சரிசெய்தால் வலது பக்கம் கெடும். அங்கே வேலை கேமராவில் இல்லை, மண்டபத்தில் இருக்கிறது. ஜன்னல் திரையை இழுத்து விடுங்கள். வீடியோக்காரரிடம் முன்கூட்டியே பேசி அவர் லைட் எந்தக் கெல்வின் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிறம் மாற்றுகிற எல்இடி என்றால் இருவரும் ஒரே எண்ணுக்கு வந்துவிடலாம். ஊதா பார் லைட்டைத் தாலி கட்டுகிற நேரத்துக்கு மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். காலையில் லைட் கட்டும்போதே சொல்லிவிட்டால் அலங்காரக்காரர்கள் மறுப்பதில்லை. மேளம் கொட்டுகிற நேரத்தில் சொன்னால் யார் காதிலும் விழாது.

அந்தக் கலர் லைட்டை ஏன் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்ய முடியாது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒயிட் பேலன்ஸ் என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் வெவ்வேறு அளவில் பெருக்குகிற வேலை. நீல எல்இடி மட்டும் விழுந்த கன்னத்தில் சிவப்பு ஏறக்குறைய பூஜ்யம். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அப்படிப்பட்ட படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுக்கலாம், அல்லது எடுக்கும்போதே ஃப்ளாஷ் போட்டு அந்த வெளிச்சத்தை முகத்திலிருந்து அமுக்கிவிடலாம்.

ஃப்ளாஷ் 5500 பக்கம். ஹாலோஜன் நிறைந்த மேடையில் வெறும் ஃப்ளாஷ் அடித்தால் முகம் சரியாகவும் பின்னணி முழுக்க ஆரஞ்சாகவும் வரும். சிடிஓ என்கிற ஆரஞ்சு ஜெலட்டினை (வெளிச்சம் ஊடுருவுகிற வண்ணத் தாள்) ஃப்ளாஷ் முகத்தில் ஒட்டினால் அதன் வெளிச்சம் 3200 பக்கம் இறங்கும். கேமராவையும் 3200-இல் வைத்தால் முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே நிறம். பாதி சிடிஓ என்றால் 3800 பக்கம் வரும், வார்ம் எல்இடியும் வெள்ளை எல்இடியும் கலந்த மண்டபத்துக்கு அது தோதாக இருக்கும். முழு சிடிஓவில் வெளிச்சம் கிட்டத்தட்ட முக்கால் ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற ஆரஞ்சுத் தாள் இதற்கு ஆகாது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அளவு பார்த்துச் செய்தது இல்லை.

ஒயிட் பேலன்ஸ் எல்லாம் சரியாக வைத்தும் அடுத்தடுத்த படங்களில் நிறம் மாறுகிறது, குறுக்கே பட்டை விழுகிறது என்றால் அது ஷட்டர் விவகாரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. நிறமும் அதோடு லேசாக மாறுகிறது. ஷட்டரை 1/250 நொடியில் வைத்து எடுத்தால் ஒவ்வொரு படமும் அந்த ஏற்ற இறக்கத்தில் ஒவ்வொரு இடத்தைப் பிடிக்கும். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒரு சுற்று முழுதாக உள்ளே வந்துவிடும். பார் லைட்டின் துடிப்பு வேறு வேகம், அதற்கு இந்தக் கணக்கு ஓடாது.

இனி வெளியே. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். கொள்வினை கொடுப்பினை இன்றைக்கும் மலைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆகவே ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்து வெளிச்சத்திலும் நீங்கள் எடுத்தாக வேண்டும். இரண்டும் ஒன்றில்லை. செங்கோட்டை, புளியரைப் பக்கம் மலை மேற்கே நிற்கிறது. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். வானம் பிரகாசமாக இருக்கும், ஆனால் தரையில் மலை நிழல். முகத்தில் விழுவது நீல வானத்தின் வெளிச்சம் மட்டும். மாலை வெயில் மஞ்சளாக இருக்கும் என்று எண்ணி 5200-இல் எடுத்தால் முகம் நீலமாகத்தான் வரும். 7000, 7500 வையுங்கள். புனலூர்ப் பக்கம் அதற்கு நேர்மாறு. அங்கே மாலையில் மேற்கு திறந்திருக்கும் இடங்களில் கடைசி வரை மஞ்சள் வெயில் கிடைக்கும். அதை ஆட்டோவிடம் விட்டால் அந்த மஞ்சளைக் கழித்துவிடும், 5200-இலேயே நிறுத்திவையுங்கள்.

ஆரியங்காவு தாண்டினால் இன்னொரு பிரச்சினை. ரப்பர் தோட்டத்துக்குள் நிற்கும்போது வெளிச்சம் இலை வழியாக வடிந்து பச்சையாக வருகிறது. கெல்வின் எண்ணை எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் பச்சை போகாது, ஏனென்றால் கெல்வின் நகர்வது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் மட்டும். பச்சைக்கு எதிர்ப்பக்கம் மெஜந்தா. மெனுவில் ஒயிட் பேலன்ஸ் ஷிஃப்ட் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் மெஜந்தா பக்கம் இரண்டு மூன்று படி நகர்த்துங்கள். மலிவான டியூப் லைட் கொடுக்கிற பச்சைக்கும் இதே மருந்துதான். அதைவிட நல்லது, ஜோடியைத் தோட்டத்தின் ஓரத்துக்குக் கூட்டிவந்து, முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துவது. புளியரை வயலில் பச்சை கீழேயிருந்து ஏறி, தாடைக்கு அடியில் தெரியும். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் அதே இடத்தில் மஞ்சள் ஏறும். அங்கே ஃப்ரேம் முழுக்க மஞ்சளாக இருப்பதால் ஆட்டோ மறுபடி நீலத்தைக் கொட்டி, பூவையும் வெளுக்க வைத்து முகத்தையும் கெடுக்கும். எண்ணைக் கையால் வைத்துவிட்டால் இந்த வம்பு இல்லை. குற்றாலச் சாரல் மாதங்களில் 6500 வைத்துத் தொடங்குங்கள்.

ஆட்டோவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பந்திக்கும் வாசலுக்கும் ஓடி ஓடி எடுக்கும்போது அது உதவும். புது கேமராக்களில் வெள்ளைக்கு முன்னுரிமை, சூழலுக்கு முன்னுரிமை என்று ஆட்டோவிலேயே வகை உண்டு. கசவுக்குச் சூழல் வகை பொருத்தம். ஆனால் மணமேடையில் ஆட்டோ வேண்டாம். கிட்டத்தில் எடுத்தால் ஒரு நிறம், அகலமாக எடுத்தால் வேறு நிறம் என்று அது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாற்றிக்கொண்டிருக்கும். ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கத்தில் ஒரே முகம் இரண்டு நிறத்தில் வரும். எண் ஒன்றாக இருந்தால், தப்பாகவே இருந்தாலும் ஒரு படத்தைத் திருத்தி மற்ற எல்லாவற்றுக்கும் அப்படியே போட்டுவிடலாம்.

அந்தத் திருத்தத்துக்காகத்தான் ரா ஃபைலில் எடுங்கள் என்கிறேன். ராவில் ஒயிட் பேலன்ஸ் ஒரு குறிப்பாக மட்டும் கூடவே போகிறது, சென்சார் பிடித்த விவரம் மாறுவதில்லை. ஜேபெக்கில் அது படத்துக்குள்ளேயே ஏறிவிடும். ஆரஞ்சாக வந்த ஜேபெக்கில் செவ்வந்தி மாலையையும் சிவப்புப் பட்டுச் சேலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு உச்சத்தைத் தொட்டு இதழ் எது மடிப்பு எது என்று தெரியாமல் ஒரே திட்டாக இருக்கும். பிறகு என்ன இழுத்தாலும் அந்த இதழ்கள் திரும்பாது. கார்டில் இடம் போதவில்லை என்றால் முகூர்த்தம் மட்டுமாவது ராவில் இருக்கட்டும். இரவில் திருத்த உட்காரும்போது லேப்டாப்பின் நைட் லைட்டை அணைத்துவிடுங்கள், திரையே மஞ்சளாக இருந்தால் நீங்கள் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

இரண்டாவது கேமராவோடு தம்பி யாராவது கூட வந்தால், இருவரும் 4000 வைத்தோம், நிறம் ஒன்றாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி அதே எண்ணுக்கு நிறம் கொஞ்சம் மாறும். ஒவ்வொரு இடத்திலும் அட்டையை ஒரே ஆள் பிடிக்க, இரண்டு கேமராவிலும் ஒவ்வொரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்து திருத்துகிற மென்பொருளில் நிறத்தைத் தொட்டு எடுக்கும் ஐட்ராப்பரை அந்த அட்டையில் வைத்து ஒரு க்ளிக் செய்து, அந்த இடத்துப் படங்கள் அத்தனைக்கும் போட்டுவிட்டால் இரண்டு கேமராவும் மிக நெருக்கமாக வந்து சேரும். மிச்சம் இருக்கிற சின்ன வித்தியாசத்தைப் பெண்ணின் முகத்தை இரண்டு படத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கையால் சரிசெய்துகொள்ளுங்கள்.